கிழமைக்கு எத்தனை நாள் மைதானம்?

வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், பிள்ளையின் விளையாட்டும் வீட்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று இடிபடும் இடங்களைப் பற்றிக் கேட்டவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு வயது 12, தரம் 7. பாடசாலை அணியில் திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் 2.30 முதல் 5 மணி வரை கிரிக்கெட் பயிற்சி. ஊர்க் கழகத்தில் சனி காலை மூன்று மணித்தியாலம். ஞாயிறு பெரும்பாலும் மேட்ச், ஐந்து மணித்தியாலம் போய்விடும். செவ்வாய், வியாழன், சனி பின்னேரம் ரியூசன். கணவர் கட்டாரில். இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்தால், கதைத்துக்கொண்டிருக்கும்போதே மகன் நித்திரையாகிவிடுகிறான். "இது வீடா, மடமா?" என்று மாமி கேட்கிறா. எதைக் குறைப்பது?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, முதலில் கூட்டிப் பாருங்கள். பாடசாலையில் ஏழரை, கழகத்தில் மூன்று, மேட்ச் ஐந்து. மொத்தம் பதினைந்தரை மணித்தியாலம். ஒரு கிழமையின் பயிற்சியும் போட்டியும் சேர்ந்து பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் எல்லை. உங்கள் மகனுக்கு அது 12 மணித்தியாலம். பாடசாலை சேருக்குக் கழகத்தின் மூன்று மணித்தியாலம் தெரியாது, கழகத்துப் பயிற்றுநருக்குப் பாடசாலையின் ஏழரை தெரியாது. இரண்டையும் கூட்டிப் பார்க்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

செவ்வாயும் வியாழனும் பந்து இல்லாதது நல்லது, உடம்பு ஆறுகிறது. ஆனால் அந்த இரண்டு நாளையும் ரியூசன் எடுத்துக்கொள்வதால், ஒன்றுமே இல்லாத நாள் என்று பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மாமி கேட்பது அதைத்தான், அவ கேட்பது சரி.

இப்படி மாற்றிப் பாருங்கள். ஞாயிறு மேட்ச் இருக்கிற கிழமையில் சனிப் பயிற்சி வேண்டாம், வெள்ளிப் பயிற்சியும் 4 மணியோடு முடியட்டும். பதினொன்றரை மணித்தியாலத்துக்கு வந்துவிடும். மேட்ச் இல்லாத கிழமையில் எல்லாப் பயிற்சிக்கும் போகட்டும், பத்தரைதான் வரும். அந்த ஞாயிறு முழுவதும் வீட்டுக்கு. மேட்ச் ஒவ்வொரு கிழமையும் வருமானால், மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். மகனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், 12 வயதுப் பிள்ளை சேரிடம் அதைச் சொல்லாது. மேட்ச் நாளில் எல்லைக் கோட்டருகே வைத்தும் கதைக்க வேண்டாம். பயிற்சி தொடங்கக் கால் மணித்தியாலம் முன்பு போங்கள். கிழமையின் ஏழு நாளையும் கட்டம் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நீங்கள் விட்டுக்கொடுப்பதை முதலில் சொல்லுங்கள்: "சேர், கேட்ட ஞாயிறுகளைத் தவிர மேட்ச் ஒன்றும் தவறவிட மாட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் நாலு மணிக்கு விட்டால் போதும்." தவணை தொடக்கத்தில் கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். சுற்றுப்போட்டிக்கு அணி அறிவித்த பிறகு கேட்டால் எந்தப் பயிற்றுநருக்கும் சங்கடம். ஒன்றிரண்டு மேட்சில் மகனை வெளியே இருத்தவும் கூடும், அதற்கு அவனை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள். "எல்லா நாளும் வராவிட்டால் அணியில் இடமில்லை" என்று 12 வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் கழகத்தை விட்டுவிடுவதே நல்லது. பாடசாலை அணி போதும்.

நித்திரைக்கும் கணக்கு உண்டு. 6 முதல் 12 வயது வரை 9 தொடக்கம் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வரை 8 தொடக்கம் 10. விடிய 5.45க்கு எழும்புகிற பிள்ளை இரவு 8.45க்குக் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒன்பது மணிப் போனில் அவன் நித்திரையாவது இயல்பு. கட்டாரின் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அவருக்கும் அன்று லீவு என்றால், வெள்ளி இரவு ஏழரைக்கு நீங்கள் எடுக்கும்போது அவருக்குப் பின்னேரம் ஐந்து மணி. நாலு மணியோடு மைதானம் விட்ட பிள்ளை குளித்துச் சாப்பிட்டுத் தெளிவாக இருந்து தகப்பனோடு கதைப்பான். மற்ற நாட்களில் ஐந்து நிமிடம் போதும்.

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். ஒரே விளையாட்டை ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது விட்டிருக்க வேண்டும், மாதம் மாதமாகப் பிரித்தும் விடலாம். கார்த்திகை, மார்கழி மழையில் நமது மைதானங்களில் தண்ணீர் நிற்கும். அந்தக் காலத்தை உள்ளரங்க வலைப் பயிற்சியால் நிரப்பாதீர்கள். முற்றத்தில் தங்கச்சியோடு கிளித்தட்டு விளையாடட்டும்.

கேள்வி: எனக்கு வயது 15. வலக்கை வேகப் பந்துவீச்சாளர். இரண்டு மாதமாக நாரியில் இடப்பக்கம் நோகிறது. பந்து போட்டால் கூடும், படுத்தால் குறையும். எண்ணெய் பூசிக்கொண்டு விளையாடுகிறேன். அம்மாவிடம் சொன்னால் விளையாட்டே வேண்டாம் என்பா. என்ன செய்வது?
– ஒரு மாணவன், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, இன்றைக்கே பந்து வீசுவதை நிறுத்துங்கள். வலக்கையால் வேகமாக வீசுகிறவருக்கு இடப்பக்க நாரியில், வீசும்போது கூடி ஓய்வில் குறையும் நோ வந்தால், முள்ளந்தண்டின் கீழ் எலும்பொன்றில் மயிரிழை வெடிப்புத் தொடங்கியிருக்கிறதா என்றுதான் வைத்தியர் முதலில் பார்ப்பார். வளர்கிற வயதில் அந்த எலும்பு இன்னும் முற்றாக இறுகவில்லை. பந்தை விடும் கணத்தில் உடம்பு பின்னால் வளைந்து, பக்கம் சாய்ந்து, திரும்புகிறது. மூன்றும் ஒரே இடத்தில் அழுத்துகின்றன. தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற பேச்சோடு திரும்பி வந்து பந்தை எடுக்க வேண்டாம். எண்ணெயும் வலிக் குளிசையும் நோவை மறைக்கும், வெடிப்பை மூடாது.

ஆரம்பத்தில் பிடித்தால் சில மாத ஓய்வோடு பெரும்பாலும் பொருந்திவிடும். விட்டால் இரண்டு பக்கமும் வெடித்து, பொருந்தாமலே போகலாம். அப்போது அம்மா சொல்லாமலே விளையாட்டு நின்றுவிடும். காலில் விறைப்பு, சிறுநீர் கழிப்பதில் சிரமம், காய்ச்சல், இரவில் நித்திரை குழம்பும் அளவு நோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாரி நோகிறது, டொக்டரிடம் காட்ட வேண்டும், அதுவரைக்கும் பந்து போடவில்லை." முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்ட பிள்ளையோடு தாய் சண்டைக்கு வர மாட்டா.

திரும்பி வரும்போது எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் சபை இளம் வேகப் பந்துவீச்சாளருக்கு வகுத்த அளவு பலரும் பின்பற்றுவது: 13 வயதுக்கு உட்பட்டோர் ஓய்வெடுக்க முன் ஒரே தடவையில் 5 ஓவர், நாளில் 10. 15க்கு உட்பட்டோர் 6 ஓவர், நாளில் 12. 17க்கு உட்பட்டோர் 7 ஓவர், நாளில் 18. வலையில் போடும் பந்தும், பின்னேரம் ஒழுங்கையில் போடும் சொவ்ட்போல் பந்தும் உடம்புக்குப் பந்துதான். நம் பக்கத்துப் பிள்ளைகள் தவறவிடும் கணக்கு அந்தச் சொவ்ட்போல்.

கேள்வி: மகன் வயது 13, உதைபந்தாட்டம். ஆனி, ஆடி மாதக் கச்சான் காற்றிலும் 3 மணிக்குப் பயிற்சி தொடங்குகிறார்கள். போன கிழமை தலைசுற்றி விழுந்துவிட்டான். நோன்பு மாதத்தில் எப்படிச் சமாளிப்பது என்றும் சொல்லுங்கள்.
– ஒரு தகப்பன், ஏறாவூர்

பதில்: விழுந்த விதத்தை முதலில் விசாரியுங்கள். ஓடி முடித்து நின்ற பின் தலைசுற்றி இருந்துவிட்டானா, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தானா? ஓட்டத்தின் நடுவே விழுந்திருந்தால், வெயில் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுக்கும் வரை விளையாட விட வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் எவரும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கச்சான் மலைநாட்டைக் கடந்து இறங்கும்போது ஈரத்தை இழந்து, சூடாகவும் வறட்சியாகவும் வந்து சேரும் காற்று. வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போனதென்று பிள்ளைக்கே தெரியாது. அந்த மாதங்களில் பயிற்சியை 4.15க்குத் தொடங்கினாலும் பொழுதுபட முன் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் பயிற்றுநர் நேரத்தை மாற்றுவார். நீண்ட லீவுக்குப் பிறகு திரும்பும்போது உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் கிழமை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர்: பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு இரண்டு கிளாஸ். விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 250 மில்லி லீற்றர் அளவில், தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்காமல். ஒன்றரை லீற்றர் போத்தலில் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது அப்படியே திரும்பி வந்தால், இடையில் தண்ணீருக்கு நிறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். தராசு இருந்தால் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாக வியர்த்தால் உப்பும் வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள். தேசிக்காய்த் தண்ணீருக்கும் அதே. கஃபீன் கலந்த சக்திப் பானங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பிள்ளை தடுமாறி நடந்தாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வாந்தி எடுத்து மயங்கினாலோ அது வெப்பத் தாக்கம். வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், ஜேர்சியைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்குப் போன் எடுக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. உயிர் தப்புவது அந்த நிமிடங்களில்.

நோன்பு மாதத்தில் கடும் பயிற்சி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நோன்பு திறக்க முந்திய முக்கால் மணித்தியாலம் பந்தோடு மெதுவான பழக்கம், ஓட்டமில்லாமல், கிழமைக்கு மூன்று நாள். திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடுமையாகப் பயிற்சி செய்யலாம்தான். ஆனால் தராவீஹ் இரவுத் தொழுகையும் விடிய முன் ஸஹர் சாப்பாடும் இடையில் இருக்க, 13 வயதுப் பிள்ளையின் நித்திரை ஐந்து மணித்தியாலத்துக்கு வந்துவிடும். மேலே சொன்ன ஆண்டு ஓய்வில் ஒரு மாதத்தை ரமழானில் எடுத்துவிடுங்கள். வீட்டோடு இருந்து நோன்பு திறக்கும் மாதமாகவும் ஆகும். பெருநாளுக்குப் பிறகு இரண்டு கிழமையில் பழைய வேகம் வந்துவிடும்.

கேள்வி: மகள் வயது 15, 800 மீற்றர், 1500 மீற்றர் ஓடுகிறாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்கிறார்கள். விடிய வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறாள்.
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: "அப்படித்தான்" என்று விட முடியாது, அம்மா. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓடும் பிள்ளைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம், செலவாகும் சக்திக்கு ஏற்றபடி சாப்பாடு உள்ளே போகாதது. உடம்பு இருப்பதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது. முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது, பிறகு எலும்பில் கை வைக்கிறது. எலும்பு உறுதி சேரும் வயது இதுதான். இப்போது இழந்தால் முழங்காலுக்குக் கீழும் பாதத்திலும் எலும்பு வெடிப்பு வரலாம், முழுவதையும் பிறகு ஈடுசெய்ய முடியாது. வைத்தியர் வேறு காரணங்களையும் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் சோதிப்பார்.

விடியப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்பு இரண்டு வாழைப்பழமோ, ஒரு துண்டு பாணோ கட்டாயம். முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முழுச் சாப்பாடு: பிட்டோ இடியப்பமோ, முட்டை அல்லது மீன், பருப்பு. பாடசாலைக்கு அவித்த கடலை அல்லது பயறு ஒரு கிண்ணம். பின்னேரப் பயிற்சிக்குப் பின் எருமைத் தயிர். நமது ஊரில் அதற்குக் குறையில்லை, கல்சியமும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். தேத்தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கிறது. முருங்கைக்கீரை, நெத்தலி, ஈரலோடு தேசிக்காய் பிழிந்தால் சேர்வது கூடும்.

வீட்டில் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பது அப்போதுதான் தெரியும். "மெலிந்தால்தான் ஓடலாம்" என்று மைதானத்தில் யாரும் சொல்கிறார்களா, எல்லோர் முன்னும் நிறை பார்க்கிறார்களா என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாகாணப் போட்டிக்கு இரவு தங்க வேண்டி வந்தால், கூடப் போகும் பெண் ஆசிரியர் யார், எங்கே தங்குகிறார்கள் என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோயில்தான். பேரனுக்கு அதே கிழமையில் கரப்பந்தாட்டப் பயிற்சி. ஒவ்வொரு வருடமும் வாக்குவாதம்.
– ஓர் அம்மம்மா, கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பதில்: தேதி தெரியாமல் வந்த வாக்குவாதம் அல்ல, அம்மம்மா, பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரியும் தேதிதான். சித்திரை வருடப் பிறப்போடு நாள்காட்டியில் கண்ணகி அம்மன் சடங்கு முடியும் குளிர்த்தி, மாமாங்கத் தீர்த்தம், வீட்டுத் திவசம், கலியாணங்கள் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டு, அதைப் படம் எடுத்துப் பயிற்றுநருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பயிற்சிகளுக்கு வர முடியாதென்று ஒரு மாதம் முன்பே தெரிந்தால் அவர் வேறு ஒழுங்கு செய்வார். போட்டியே அந்த நாளில் வந்தால் பேரன் எதற்குப் போவதென்று அவனும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். குளிர்த்தி அன்று இரவு மட்டும் வரச் சொல்லிக் கேட்டால் வருவான்.

கேள்வி: மேட்ச் தோற்றால் என் கணவர் மோட்டார்சைக்கிளில் வீடு வரும்வரை மகனுக்குப் பாடம் நடத்துகிறார். மகன் இப்போது "வாப்பா வர வேண்டாம்" என்கிறான்.
– ஒரு தாய், நிந்தவூர்

பதில்: கணவரிடம் ஒரே ஒரு விதியைக் கேளுங்கள்: மறுநாள் வரை விளையாட்டைப் பற்றி அவர் தொடங்கக் கூடாது, மகன் தொடங்கினால் கேட்கலாம். வழியில் "பசிக்குதா?" என்பது போதும். தோற்ற பிள்ளைக்கு என்ன பிழைத்தது என்று தெரியும், பயிற்றுநரும் சொல்லியிருப்பார். மூன்றாவது ஆளாகத் தகப்பன் சொல்லும்போது அது விளையாட்டைப் பற்றியதாகப் பிள்ளையின் காதில் விழுவதில்லை. தன்னைப் பற்றியதாகவே விழுகிறது. இந்த வயதுகளில் விளையாட்டை விட்டுப் போகும் பிள்ளைகள் பலர் சொல்லும் காரணம், அதில் சந்தோசம் இல்லாமல் போனது.

கேள்வி: மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். வலைப்பந்தாட்டத்தை முற்றாக நிறுத்திவிடவா?
– ஒரு தகப்பன், கல்முனை

பதில்: முற்றாக வேண்டாம். கிழமைக்கு நாலு நாள் ஓடிய பிள்ளையை ஒரேயடியாக மேசையில் இருத்தினால் நித்திரை குழம்பும், எரிச்சல் வரும், படிப்பில் மனம் ஊன்றாது. பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது பயிற்சியை இரண்டு நாளாக்குங்கள். கடைசி இரண்டு மாதத்தில் போட்டிகளை விட்டு, நாளாந்தம் பின்னேரம் அரை மணித்தியாலம் ஓட்டமோ வேக நடையோ போதும். நித்திரையை எட்டு மணித்தியாலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். பரீட்சை முடிந்து திரும்பும்போது பழைய அளவில் பாதியில் தொடங்கிக் கிழமைக்குப் பத்து வீதம் அளவில் கூட்டட்டும். முதல் நாளே முழு ஆட்டம் ஆடினால் முழங்காலிலும் கணுக்காலிலும் பிடிக்கும்.

தேசிய மட்டத்தில் திறமை காட்டுபவருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மூத்தவனின் மேட்சுக்காக எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு எல்லா ஞாயிறும் மைதானத்தில் இருக்கிறோம். அவள் அழுகிறாள்.
– ஒரு பெற்றோர், வாழைச்சேனை

பதில்: இருவரும் ஒவ்வொரு மேட்சுக்கும் போக வேண்டியதில்லை. ஒரு கிழமை தாய் போகட்டும், தகப்பன் மகளோடு அவள் சொல்லும் இடத்துக்குப் போகட்டும். அடுத்த கிழமை மாறுங்கள். எல்லோரும் போவது இறுதிப் போட்டிகளுக்கு மட்டும் என்று மூத்தவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவளையும் கூட்டிப் போகும் நாளில் தொப்பி, பாய், சாப்பாடு, அவள் விரும்பும் விளையாட்டுச் சாமான் அவளுக்கென்று தனிப் பையில் இருக்கட்டும். மேட்ச் முடியும் வரை இருக்காமல், இரண்டு மணித்தியாலத்தில் ஒருவர் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.